‘படம் எப்படி?’ என்று கேட்பதை நிறுத்தினோம்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. ‘வாழை’, ‘கொட்டுக்காளி’ இரண்டும் அன்றுதான் வெளியாயின. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு முதலாவது, மாலைக் காட்சிக்கு இரண்டாவது என்று முடிவு செய்துகொண்டு புறப்பட்டோம். பாளையங்கோட்டையில் ஏழெட்டு ஆண்டுகளாகச் சேர்ந்து படம் பார்க்கிற ஆறு பேர் நாங்கள். எனக்கு அச்சகத்தில் பக்கம் கட்டும் வேலை. மற்றவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் வங்கி ஊழியர், ஒருவன் கல்லூரியில் படிக்கும் தம்பி, இன்னொருவர் அவ்வப்போது வந்து போகும் மருந்துக்கடை நண்பர். ஆறாவது ஆள் அண்ணாச்சி. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அறுபதை நெருங்குகிறார். படம் முடிந்ததும் டீக் குடிப்பார், எங்கள் பேச்சைக் கேட்பார், காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அத்தனை ஆண்டுகளில் அவர் ஒரு படத்தைப் பற்றி நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

பகல் காட்சி முடிந்து, வ.உ.சி. மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வழக்கம்போல நான்தான் ஆரம்பித்தேன். ஒளிப்பதிவு அருமை, அந்தப் பையன்கள் நடித்ததாகவே தெரியவில்லை, ஆனால் வாழைத்தார் சுமக்கிற காட்சிகள் நீளம், கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றேன். வங்கி நண்பர் ஆமோதித்தார். தம்பி பின்னணி இசையைப் பற்றி ஏதோ சொன்னான்.

அண்ணாச்சி டீக் கிளாஸைக் கீழே வைத்தார். “நீளமா தம்பி? எனக்கு அது சட்டென்று முடிந்துவிட்டது” என்றார்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அதை இரண்டாக மடித்து முறுக்கி, வளையமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகித் தலையில் வைத்தார். சும்மாடு. பதினோரு வயதிலிருந்து பதினான்கு வயது வரை, ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்களில் சனி ஞாயிறுகளில் தார் சுமந்தாராம். தலையில் தார் ஏறிவிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது. குனிந்து வரப்பைப் பார்க்கவும் முடியாது. “கால்தான் பார்க்க வேண்டும்” என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் தரையைத் தடவித் தடவி இரண்டு எட்டு நடந்து காட்டினார். மழைக் காலத்தில் சேறு வழுக்கும், தார் விழுந்து காய் அடிபட்டால் கூலியில் பிடிப்பார்கள், அதனால் விழும்போதுகூட ஆள்தான் அடியில் விழப் பழகியிருந்தோம் என்றார்.

கடைசியாக ஒன்று சொன்னார். வெட்டின காம்பிலிருந்து வடிகிற வாழைக்கறை பட்ட துணி எந்தச் சோப்புக்கும் வெளுக்காது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. திங்கள்கிழமை வகுப்பில் வலது தோளைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். இதைச் சொல்லும்போது அவருடைய இடது கை தானாகவே வலது தோளுக்குப் போனது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் கைக்கு அந்த இடம் தெரிந்திருந்தது.

நான் ‘நீளம்’ என்று சொன்ன காட்சிகளுக்கு அவர் உடம்பே சாட்சியாக இருந்தது. படத்தில் அந்தக் காட்சி எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அதில் என் கருத்து இப்போதும் எனக்கு உண்டு. ஆனால் இத்தனை ஆண்டுகள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படம் பார்த்த மனிதரிடம் இவ்வளவு இருந்திருக்கிறது, நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அண்ணாச்சி, படம் எப்படி?” என்று கேட்போம். “நன்றாக இருக்கிறது” என்பார். அதற்குமேல் போக அந்தக் கேள்வியில் வழியே இல்லை.

அன்றிரவிலிருந்து அந்தக் கேள்வியை விட்டுவிட்டோம். ‘எந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது?’ என்றுதான் ஆரம்பிக்கிறோம். கேட்பதற்குச் சின்ன மாற்றமாகத் தெரியும். ‘எப்படி?’ என்றால் எல்லோரும் நீதிபதி ஆகிவிடுகிறார்கள். யாருக்கு விமர்சனச் சொற்கள் வாய்க்குப் பழகியிருக்கிறதோ அவர் குரல் ஓங்கும். எங்கள் குழுவில் அது என் குரல். ‘எந்தக் காட்சி?’ என்று கேட்டால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதற்குத் திரைமொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். சேர்ந்து படம் பார்க்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அன்று மாலையே அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ‘கொட்டுக்காளி’க்குத் தம்பி வரவில்லை, அவனுக்குத் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்தது. வாய் திறந்து பேசாத மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று, அவளை மணக்கப்போகிற பாண்டியும் உறவினர்களும் ஆட்டோவிலும் பைக்குகளிலும் அவளைச் சாமியாடியிடம் கூட்டிப் போகிற பயணம்தான் கதை. அந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. முதல் இருபது நிமிடம் நான் இசைக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒரு கட்டத்தில் ஆட்டோ நிற்கிறது. இன்ஜின் அணைந்ததும்தான், இவ்வளவு நேரம் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது என்பது உறைத்தது. அதன் பிறகு கோழியின் சிறகடிப்பு, காற்று, பைக்குகள் என்று ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தது.

இரவு பெஞ்சில் டீச்சர் பேசினார். அவருக்குச் சொந்த ஊர் மேலூர் பக்கம். படத்தில் வருகிற பேச்சும் உறவுமுறையும் அவர் வளர்ந்த மண்ணினுடையவை. அவர் கண்ணில் நின்றது, தொண்டை கட்டிப்போன பாண்டியின் கழுத்தில் தடவியிருக்கும் சுண்ணாம்பு. “எங்கள் வீட்டிலும் தொண்டை கட்டினால் அப்படித்தான் தடவுவார்கள். அவனுக்குக் குரலே இல்லை, ஆனால் படம் முழுக்க அவன்தான் கத்துகிறான். அவளுக்குக் குரல் இருக்கிறது, பேச மாட்டேன் என்கிறாள்” என்றார். நானும் அந்தச் சுண்ணாம்பைப் பார்த்திருந்தேன். ஒரு கிராமத்து விவரம் என்று கடந்துபோயிருந்தேன். டீச்சர் சொன்ன பிறகு படம் முழுவதும் எனக்குள் ஒருமுறை திரும்ப ஓடியது. மீனா ஏன் வாய் திறக்கவில்லை என்பதை அவளுடைய பிடிவாதமாக மட்டுமே பார்த்திருந்த எனக்கு, அந்த வண்டியில் போகிற எல்லோருடைய குரலும் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுந்தது. ‘கொட்டுக்காளி’ என்ற சொல்லையே டீச்சர்தான் விளக்கினார். சொன்ன பேச்சுக்கு மசியாத பெண்ணை வைகிற சொல், சின்ன வயதில் தன்னையும் அப்படி வைதிருக்கிறார்கள் என்றார்.

அண்ணாச்சி சொன்னது மாட்டை. வழியை மறித்துக்கொண்டு ஒரு காளை நிற்கிறது, கூட வந்த ஆண்கள் ஒருவருக்கும் கிட்டே போகத் துணிவில்லை, ஒரு சின்னப் பெண் வந்து கயிற்றைப் பிடித்து நடத்திப் போய்விடுகிறாள். “அந்தப் பிள்ளைக்கு அது அவள் வீட்டு மாடு. அவ்வளவுதான்” என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று அது அவருடைய இரண்டாவது பேச்சு.

வங்கி நண்பருக்குப் படம் பிடிக்கவில்லை. அதை அவர் சொன்ன நேரத்தை இப்போது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் உருகி உருகிப் பேசி முடித்த பிறகு, தயங்கித் தயங்கி, “எனக்கு முடிவு ஒட்டவில்லை, என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது” என்றார். உடனே நான் படத்தின் இயக்குநரைப் பற்றி, அவருடைய முதல் படம் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியதைப் பற்றிப் பேசி அவர் வாயை அடைத்துவிட்டேன். விருது ஒரு பதிலே கிடையாது. அவர் முடிவைப் பற்றிக் கேட்டார், நான் ராட்டர்டாமைப் பற்றிச் சொன்னேன். அவர் அமைதியாகிவிட்டார். அந்த முடிவு அவரை ஏன் இறக்கிவிட்டது என்று அன்று கேட்டிருந்தால் எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பிடிக்காதவர் முதலில் பேச வேண்டும். பாராட்டு முதலில் வந்துவிட்டால், பிடிக்காதவர் தன் கருத்தைப் பாதியாக விழுங்கிவிடுவார். குறை முதலில் வந்தால் பிடித்தவர்கள் விழுங்குவதில்லை, இன்னும் தெளிவாகப் பேசுகிறார்கள். ஏன் அப்படி என்று எனக்கு விளக்கத் தெரியாது. எங்கள் பெஞ்சில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

தம்பி அந்தப் படத்தைச் சில வாரம் கழித்துக் கைபேசியில் பார்த்தான். விடுதி அறையில், நான்கு பேர் இருக்கும் இடத்தில், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு, சாப்பிட்டபடியே. “ஒன்றுமே நடக்கவில்லை அண்ணே” என்றான். படத்தில் பாதி அந்தச் சத்தங்களில் இருக்கிறது. இன்னொரு காதில் விடுதிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் நடப்பது எப்படித் தெரியும்? அவன் கருத்தைத் தவறு என்று சொல்லவில்லை. அவன் பார்த்தது வேறு படம். அன்றிலிருந்து கருத்தோடு சேர்த்து, எப்படிப் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தியேட்டரா, வீடா, கைபேசியா, யாரோடு, என்ன களைப்பில் என்று. நல்ல ஒலியமைப்பை நம்பி எடுத்த படத்தை முதல்முறை கைபேசியில் பார்க்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். தம்பி பிறகு அப்படி ஒருமுறை பார்த்தான். பிடித்தது என்று இப்போதும் சொல்வதில்லை. ஆனால் அந்த ஆட்டோ சத்தத்தைப் பற்றி அவனே பேசினான்.

களைப்பு என்றேனே, அது என் சொந்த வலி. அதற்கு முந்தைய ஆண்டு, பெரிய நடிகர் ஒருவரின் படம். இரவு முழுவதும் அச்சகத்தில் வேலை, காலையில் அப்படியே முதல் காட்சிக்குப் போனேன். வெளியே வந்தபோது ஒரு பையன் மைக்கை நீட்டினான். முதல் பாதி நன்றாக இருந்தது, நாயகியின் பகுதி அழகு என்றெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டாம் பாதியில் எழுந்து போய்விடலாம் போலிருந்தது என்றேன். மாலையில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என் முகத்தோடு சுற்றியது. சொல்லாததைச் சொன்னதாகக் காட்டவில்லை. ஆனால் உண்மை என்னவென்றால், இரண்டாம் பாதியில் நான் பதினைந்து நிமிடமாவது கண்ணயர்ந்திருந்தேன். தூங்கியவன் படத்தின் வேகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். பல மாதம் கழித்துத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நான் தவறவிட்ட அந்தப் பகுதியில்தான் கதையின் முடிச்சு இருந்தது. நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பைப் பற்றி அரைத்தூக்கத்தில் பேசினேனே என்று இன்றும் உறுத்துகிறது.

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்தில் இப்படி ரசிகர்களிடம் கருத்துக் கேட்டுப் படம்பிடிப்பதை அனுமதிக்க வேண்டாம் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதம், படம் வெளியான முதல் மூன்று நாள் விமர்சனங்களுக்குத் தடை கேட்டு ஒரு வழக்கும் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. கருத்துரிமையைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை மூன்று நாள் பூட்ட முடியாது. ஆனால் எனக்கு நானே ஓர் இரவு வைத்துக்கொள்கிறேன். பெஞ்சில் நண்பர்களிடம் உடனே பேசலாம், அங்கே மாற்றிச் சொல்ல இடம் இருக்கிறது. ஊருக்குச் சொல்வதை மறுநாள் காலையில்தான் சொல்கிறேன். தூங்கி எழுந்தபின் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால், கதவருகே தோன்றிய பாதிச் சொற்கள் காணாமல் போயிருக்கும்.

இன்னொரு சண்டையையும் சொல்ல வேண்டும். ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27 அன்று வெளியானது. மறுநாளே நானும் தம்பியும் பார்த்துவிட்டோம். வங்கி நண்பருக்குக் காந்தி ஜெயந்தி அன்றுதான் நேரம் கிடைத்தது. அந்த வார இறுதியில் பெஞ்சில் உட்கார்ந்தபோது, படம் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் இரண்டு பேர் விடிய விடியப் பேசுகிற அந்த இரவுப் பேச்சு இன்னும் சுருக்கமாக இருந்திருக்கலாம் என்றேன். “எங்கே நீண்டது? அளவாகத்தானே இருந்தது” என்றார் அவர். நான் ஓர் உரையாடலைச் சொன்னேன், அப்படி ஒன்று வரவே இல்லை என்றார். இருபது நிமிடம் குரல் உயர்த்திப் பேசினோம். நான் இல்லாததைச் சொல்கிறேன் என்று அவருக்கும், அவர் கவனித்துப் பார்க்கவில்லை என்று எனக்கும் கோபம். டீச்சர்தான், “நீங்கள் எந்தத் தேதியில் பார்த்தீர்கள்?” என்று கேட்டார்.

வெளியான மூன்று நாளில் படத்திலிருந்து சுமார் 18 நிமிடங்களைக் குறைத்திருந்தார்கள். நீளம் என்று பார்வையாளர்கள் சொன்னதைக் கேட்டுத்தான். நாங்கள் இரண்டு பேரும் உண்மையாகவே வெவ்வேறு படத்தைப் பார்த்திருந்தோம். என்னைப் போன்றவர்கள் முதல் இரண்டு நாள் பேசியதுதான் அந்த 18 நிமிடத்தை எடுத்தது என்று சொல்லலாம். எனக்கு அதில் மகிழ்ச்சி வரவில்லை. தம்பிக்கு அந்தப் பகுதிதான் உயிர். ஒரு மனிதன் மூச்சு விடாமல் பேசுவதைக் கேட்டு அவன் கண் கலங்கியிருந்தான். “அதை எடுத்துவிட்டார்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். என் ‘சுருக்கியிருக்கலாம்’ என்ற சொல்லுக்கு அந்த முகம்தான் விலை என்று தோன்றியது. இப்போது நீளம் என்று சொல்வதற்கு முன்னால், எனக்கு நீளமாக இருந்தது யாருக்காவது தேவையாக இருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைத்த பிறகும் நீளம் என்று தோன்றினால் சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்தத் தேதியில், எந்த வடிவத்தைப் பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மறுவெளியீடு, மொழிமாற்றம், தொலைக்காட்சிக்கு வெட்டிய வடிவம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மற்றவை சின்னச் சின்னப் பழக்கங்கள். பார்க்காதவர் ஒருவர் பெஞ்சில் இருந்தாலும் முடிவைச் சொல்வதில்லை. ‘வாழை’யின் கடைசிப் பகுதியை நான் இங்கே தொடாததும் அதனால்தான். மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டோம், ஐந்துக்கு மூன்றா மூன்றரையா என்று வாதாடினால் அரை மதிப்பெண்ணைப் பற்றித்தான் பேச்சு போகிறது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். இடைவேளையில் எதுவும் எழுத மாட்டேன், படுக்கப் போகுமுன் மூன்று வரி. கண்டது மட்டும், கருத்து கூடாது. ‘கழுத்தில் சுண்ணாம்பு’ என்று இருக்கும். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால், அந்த இரண்டு சொல்லில் படம் முழுதும் வந்துவிடுகிறது. ‘சிறந்த படம்’ என்று எழுதிய பழைய பக்கங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

2025 மே மாதம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்க்கப் போனபோது அண்ணாச்சி மதினியையும் கூட்டி வந்திருந்தார். தியேட்டருக்குள் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார் மதினி. இலங்கையிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வருகிற ஒரு குடும்பம், பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று வாயைத் திறக்கவே அஞ்சுகிறது. படம் முடிந்து பெஞ்சுக்கு வந்தோம். மதினி ஓரமாக, புடவை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“பேசாதே பேசாதே என்று சொல்கிறார்களே, அதுதான்” என்றார் மதினி. அவர் பிறந்தது நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் பேச்சைக் கேட்டு மாமியார் வீட்டில் சிரிப்பார்களாம். சின்ன நாத்தனார் அதேபோலப் பேசிக் காட்டுவாளாம். அதனால் முதல் ஒரு வருடம் ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டைத் தவிர வீட்டில் வேறு எதுவும் பேசவில்லை. கிணற்றடியில் தனியாக இருக்கும்போது மட்டும் தன் ஊர்ப் பேச்சில் தனக்குத்தானே பேசிக்கொள்வாராம்.

அண்ணாச்சி திரும்பி மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். அவருக்கு இது தெரியாது என்பது முகத்திலேயே இருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. கடைக்காரர் ஒரு பக்கத்து விளக்கை அணைத்துவிட்டுப் பாத்திரங்களை ஒதுக்கத் தொடங்கியிருந்தார். அண்ணாச்சி எழுந்துபோய் அவரிடம் இன்னும் இரண்டு டீ போடச் சொன்னார். திரும்பி வந்து மதினியின் பக்கத்தில் உட்கார்ந்து, “கிணற்றடியில் என்ன பேசுவாய்?” என்று கேட்டார்.

நாங்கள் மெதுவாக எழுந்து அடுத்த பெஞ்சுக்கு மாறிக்கொண்டோம்.